தாங்கும் கை

காலை ஆறு மணிக்கே அந்தத் தகரக் கொட்டகையில் தைல வாசம் ஏறிவிடும். நம் வீட்டு அயோடெக்ஸ் வாசம்தான், இன்னும் காரமாக. சியாங் மாய் நகரத்தின் ஓரத்தில் ஒரு முவாய் தாய் முகாமில் மூன்று வாரம் தங்கி உதைக்கக் கற்றுக்கொள்ளப் போயிருந்தேன். முதல் வாரம் முடிவதற்குள் என் கவனம் என் காலை விட்டு, எதிரே நிற்பவரின் முன்கைக்குப் போய்விட்டது.

முவாய் தாயில் ஆயுதம் எட்டு என்பார்கள்: இரண்டு கைமுஷ்டி, இரண்டு முழங்கை, இரண்டு முழங்கால், இரண்டு கால். பயிற்சியில் இந்த எட்டும் வந்து விழும் மெத்தைக்கு ‘பாவோ’ என்று பெயர். இலக்கு என்று பொருள். தோலில் தைத்த தடித்த மெத்தை. முன்கைக்கு ஒன்றாக வாரால் இறுக்கிக்கொள்வார்கள். வயிற்றுக்கு ஓர் அகலப் பட்டை. பார்ப்பவருக்கு, மெத்தை பிடிக்கும் பயிற்சியாளர் சும்மா வாங்கிக்கொண்டு நிற்பதாகத்தான் தோன்றும். அப்படியில்லை. என் கால் வந்து சேர்வதற்குச் சற்று முன்பு மெத்தையை ஒரு விரற்கடை முன்னே தள்ளி உதையை எதிர்கொள்கிறார். அப்போதுதான் அந்த ‘டப்’ சத்தம் எழும். அவர் பின்வாங்கினால் என் கால் காற்றில் இழுபட்டு மூட்டு பிசகும். அதிகம் தள்ளினால் அவர் முழங்கைக்குக் கேடு. அந்த ஒரு விரற்கடைதான் அவர் தொழில். நான் தாடையைக் காக்க மறந்தால் அதே மெத்தை காதோரம் வந்து தட்டும். பேச்சு குறைவு. ‘தே’ என்றால் உதை, ‘காவ்’ என்றால் முழங்கால், ‘சொக்’ என்றால் முழங்கை. என்னிடம் இன்னும் எவ்வளவு தெம்பு மிச்சம் என்பது என்னைவிட அவருக்குத் தெரியும். முடியவில்லை என்று நான் குனியும்போது இன்னும் ஐந்து கேட்பார். ஐந்தும் வரும்.

ஒரு மாலை ஓரமாக உட்கார்ந்து எண்ணினேன். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 40 உதை, ஆளுக்கு 5 சுற்று, அன்று அவரிடம் வந்தவர்கள் 8 பேர். 1,600 உதை. காலைக் கணக்கு தனி.

அவரை எல்லோரும் ‘க்ரூ’ என்று கூப்பிட்டோம். நம் குருதான், வடமொழியிலிருந்து அங்கும் போய்ச் சேர்ந்த சொல். அவர் என்னை ‘நோங்’ என்றார். தம்பிக்கும் தங்கைக்கும் அவர்கள் மொழியில் அது ஒன்றே. அவர் ஊர் புரிராம், ஈசான் பகுதி. நம் ஈசானிய மூலையேதான். அவர்கள் நாட்டுக்கும் அது வடகிழக்கு. மானாவாரி நெல் பூமி. முவாய் வீரர்களில் பெரும்பகுதியினர் அங்கிருந்து வருகிறவர்கள். எட்டு வயதில் கோயில் திருவிழா மேடையில் முதல் சண்டை போட்டார். கிடைத்த பணத்தை அம்மா கையில் கொடுத்தார். பிறகு முகாமிலேயே வளர்ந்தார், முகாமின் பெயரையே குடும்பப் பெயராகப் போட்டுக்கொண்டு சண்டையிட்டார். வீரர்கள் பலருக்கும் மேடைப் பெயர் அப்படித்தான் அமைகிறது. உடம்பு இடம் கொடுக்காத வயதில், சண்டை போட்டவர் மெத்தையைக் கட்டிக்கொண்டார்.

2018இல் பாங்காக்கை ஒட்டிய சமுத் பிரகானில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் மேடையில் அடிபட்டு இறந்தான். நாடே அதைப் பற்றி வாதாடியது. பிள்ளைகளின் தலையில் அடி விழுவதை என்னால் ஏற்கவே முடியாது. அதை அவரிடம் சொன்னேன். மறுக்கவில்லை. “எனக்கு அன்றைக்கு வயலைவிட இது மேல் நோங்” என்றார். அவர் மகன் இப்போது பள்ளிக்குப் போகிறான்; கொட்டகைப் பக்கம் கூட்டிவருவதில்லை.

எனக்கு உறுத்திய இன்னொன்றும் உண்டு. அங்கே ஆண்கள் மேல்கயிற்றைத் தாண்டி மேடைக்குள் இறங்குவார்கள்; பெண்கள் கீழ்க்கயிற்றுக்கு அடியில் ஊர்ந்துதான் நுழைய வேண்டும். பெண்கள் மேலே தாண்டினால் மேடையின் காப்பு கெட்டுவிடும் என்பது நம்பிக்கை. பாங்காக்கின் புகழ்பெற்ற லும்பினி அரங்கில் 2021 வரை பெண்கள் சண்டையிடவே முடியவில்லை. மூன்று வாரமும் ஊர்ந்தேதான் போனேன், ஒவ்வொரு முறையும் மனம் கசந்தது. உள்ளே போன பிறகு க்ரூ எனக்கென்று ஒரு உதையையும் குறைத்துக்கொண்டதில்லை.

முகாமின் பதினேழு வயதுப் பையன் ஒருவன் ஒரு சனிக்கிழமை சண்டையிட்டான். மேடையில் ஏறுவதற்கு முன் க்ரூதான் அவன் உடம்பு முழுக்கத் தைலம் தேய்த்தார். ‘மொங்கொன்’ என்ற தலைவளையத்தை வீரன் தானாக எடுத்து அணியக் கூடாது. ஆசிரியர்தான் சூட்டி, குருவணக்க ஆட்டம் முடிந்ததும் கழற்ற வேண்டும். குழலும் முழவும் ‘சிங்’ என்ற கைத்தாளமும் சுற்றுக்குச் சுற்று வேகம் கூட்டின. நான் மேடையைப் பார்க்கவில்லை. மூலையில் நின்ற க்ரூவின் முன்கைகள் வெறுங்காற்றில், பையனின் ஒவ்வொரு உதைக்கும், ஒரு விரற்கடை முன்னே போய் வந்துகொண்டிருந்தன.

கடைசி நாள், பயிற்சி முடிந்ததும் மெத்தைகளைக் கழற்றி என் கையில் கட்டினார். வார் அவர் வியர்வையில் ஊறிப்போயிருந்தது. “நீ பிடி” என்றார். எப்போது முன்னே தள்ளுவது என்று நான் யோசிப்பதற்குள் கால் வந்துவிட்டது. பாதி பலம்கூட இருக்காது. இரண்டடி பின்னால் போய் நின்றேன். சத்தமே வரவில்லை. தலையசைத்தார்.

“மறுபடி.”

ஆறாவது உதைக்கு ‘டப்’ என்றது.