ஊருக்குச் சொன்னோம், பிள்ளைக்குச் சொன்னோமா?



பேசக் கூச்சப்படும் ஒன்றைப் பற்றி இன்று எழுதுகிறேன். நம் கூச்சத்தின் விலையைப் பெண்பிள்ளைகள் கொடுத்து வருவதால் எழுதுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், கிள்ளான் வட்டாரத்துத் தோட்டப்புறப் பள்ளியொன்றில் ஐந்தாம் ஆண்டு வகுப்பாசிரியையாக இருந்தேன். ஒருநாள் ஓய்வுநேர மணி அடித்தும் ஒரு மாணவி மட்டும் இருக்கையை விட்டு எழவில்லை. அருகில் சென்று கேட்டேன்.

“டீச்சர், எனக்குப் பெரிய நோய் வந்துடுச்சு. அம்மாகிட்ட சொல்லிடாதீங்க, பயந்துடுவாங்க” என்று விம்மினாள்.

அவளது நீலச் சீருடையில் கறை. பதினொரு வயதுப் பிள்ளைக்குத் தான் பூப்பெய்தியிருப்பதே தெரியவில்லை. பள்ளியில் ஓர் அணையாடைகூட இல்லை. என் கைக்குட்டையை மடித்துக் கொடுத்து, குளிர்ச்சட்டையை அவள் இடுப்பில் கட்டி வீட்டுக்கு அழைத்துச் சென்றேன்.

அதன்பின் இரண்டு வாரங்களுக்கும் மேலாக அவள் பள்ளிக்கு வரவில்லை. பதினாறாம் நாள் சடங்கு. தெங்கு கிளானா சாலைக் கடையில் எடுத்த பட்டுச்சேலை, பந்தல், சீர்த்தட்டுகள், ஊருக்கே விருந்து. நலங்கு வைக்கக் குனிந்த என் காதில் அவள் மெல்லக் கேட்டாள்: “டீச்சர், இது மறுபடியும் வருமா?”

அத்தனை நாளில் அவளுக்கு உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுத்திருந்தார்கள். இது மாதந்தோறும் வரும் என்பதை மட்டும் எவரும் சொல்லவில்லை. அவளைக் குறை சொல்லாத தாயைக் குறைகூற எனக்கும் தகுதியில்லை. சுற்றிலும் ஆட்கள் நின்றதால் நானும் தலையை மட்டும் ஆட்டிவிட்டு இறங்கினேன். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் கற்ற கற்பித்தல் முறைகள் யாவும் அன்று எனக்குத் துணை நிற்கவில்லை.

பேசாமல் ஒதுக்கிவைக்கும் பழக்கம் இங்கே பள்ளி நாள்களைப் பறித்தது. தமிழகத்தில் ஓர் உயிரையே பறித்திருக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் வீசியபோது, பட்டுக்கோட்டையை அடுத்த அணைக்காட்டில், பூப்பெய்தியதற்காக வீட்டுக்கு வெளியே தனிக் குடிசையில் தங்கவைக்கப்பட்டிருந்த சிறுமி, தென்னைமரம் சாய்ந்து மாண்டாள்.

அதே தமிழகத்தில்தான், கிராமப்புற வளரிளம் பெண்களுக்கு இலவச அணையாடை வழங்கும் ‘புது யுகம்’ திட்டம் 2011இல் அறிவிக்கப்பட்டது. நம் நாட்டின் 2022ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்திலும், குறைந்த வருமானக் குடும்பங்களைச் சேர்ந்த 130,000 பதின்ம வயதுப் பெண்களுக்கு அணையாடை உள்ளிட்ட தூய்மைப் பொருள்கள் வழங்குவதாக அறிவிக்கப்பட்டது. பொருளை அரசு தரலாம். விளக்கத்தை நாம்தாம் தரவேண்டும்.

பெற்றோர்களே, மகளுக்கு ஒன்பது பத்து வயதாகும்போதே சொல்லிவிடுங்கள். இது நோயன்று, தீட்டுமன்று. முதல் ஓரிரு ஆண்டுகள் நாள் முன்பின்னாக வருவது இயல்பு. அணையாடையை நான்கு முதல் ஆறு மணி நேரத்திற்கொரு முறை மாற்ற வேண்டும். உதிரப்போக்கு ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலும், வலியால் பள்ளிக்குச் செல்ல முடியாமற்போனாலும் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். தாயில்லா வீட்டில் தந்தையே சொல்லலாம், அதில் வெட்கமில்லை. சடங்கு செய்வது உங்கள் விருப்பம். அதைப் பள்ளி விடுமுறையில் வைத்துக்கொள்ளலாமே!

ஆசிரிய நண்பர்களே, நலக்கல்விப் பாடத்தில் அந்தப் பக்கங்களைத் தாண்டிச் செல்லாதீர்கள். ஆண்பிள்ளைகளும் கேட்கட்டும், அறிந்தவன் கேலி செய்யமாட்டான். பெண்கள் கழிவறையில் மூடியுள்ள குப்பைத்தொட்டி இருக்கிறதா என்று நாளையே பாருங்கள்.

இப்பொழுது என் மேசையின் கீழ் இழுப்பறையில் அணையாடைகளும் ஒரு மாற்றுப் பாவாடையும் எப்போதும் இருக்கின்றன. அது பூட்டப்படுவதில்லை என்பது என் மாணவிகளுக்குத் தெரியும். அன்று அந்தப் பந்தலில் சொல்லாமல் விட்ட பதிலை, ஒவ்வோர் ஆண்டும் என் வகுப்பில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.