சேதாரம்

எந்த ரம்பமும் சும்மா அறுப்பதில்லை. தன் பல்லின் கனத்துக்கு ஒரு பங்கு மரத்தைத் தின்றுவிட்டுத்தான் பலகையை இரண்டாக்கித் தருகிறது. நகைக்குச் சொல்வதைப் போலவே மரத்துக்கும் இதைச் சேதாரம் என்கிறார்கள். கணக்கறிந்த தச்சர் பலகையை அளக்கும்போதே அதையும் சேர்த்து அளந்துவிடுவார். விலை கூடிய ஒரு ரம்பத்தைத் தேர்ந்தெடுக்க உதவ நேர்ந்த சில வாரங்களில் இந்த ஒற்றைச் சொல்லைப் பற்றித்தான் அதிகம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

தூத்துக்குடியில் தச்சுத் தொழில் செய்யும் என் பெரியப்பா மகனுக்கு ஒரு 'டிராக் சா' வேண்டியிருந்தது. பலகையின் மேல் வைத்த அலுமினியத் தண்டவாளத்தில் ஓடி, கோடு பிசகாமல் அறுக்கும் கையடக்க வட்ட ரம்பம். அதிலும் மின்கம்பி இல்லாமல் பாட்டரியில் இயங்குவது. "தம்பி, நீ படிச்சிப் பாத்து எதுன்னு சொல்லு. ரூவாய்க்கு ஏற்பாடு பண்ணியாச்சு" என்றார் அண்ணன். ஏற்பாடு என்பது மதினியின் வளையல்கள் என்று பிறகு தெரிந்தது. கருவி, பாட்டரிகள், சார்ஜர், தண்டவாளம் எல்லாம் சேர்ந்தால் ஒரு நல்ல இருசக்கர வாகனத்தின் விலையை நெருங்கிவிடும்.

இந்தக் கரையில் ரம்பம் என்றதும் இலக்கிய வாசகருக்கு மரத்துக்கு முன்பாகச் சங்கு நினைவுக்கு வரக்கூடும். அகநானூற்றின் 24ஆம் பாடலில் ஆவூர் மூலங்கிழார் சங்கறுத்து வளையல் செய்யும் ஒருவனைக் காட்டுகிறார். அவன் கருவியின் பெயர் வாளரம். கவிஞரின் கண் வளையலில் நிற்கவில்லை. வளையல்களை அறுத்தெடுத்த பின் மிஞ்சிக் கிடக்கும் சங்கின் நுனியில் போய் நிற்கிறது. விரியாத பகன்றை மொட்டுக்கு அந்த மிச்சத்தை உவமையாக்குகிறார். சேதாரத்தைக் கவிதையாக்கிய முதல் ஆட்களில் ஒருவராக அவரை நான் எண்ணிக்கொள்வதுண்டு. சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல், 1914இல் வெளிவந்த தம் சங்கு நூலில், கொற்கைப் பகுதியில் ரம்பத் தடம் பதிந்த சங்குத் துண்டுகளைக் கண்டதைப் பதிவு செய்திருக்கிறார். அவர் காலத்தில் இங்கே குளித்தெடுத்த சங்குகள் வங்காளத்துக்குக் கப்பலேறின. டாக்காவின் கைவினைஞர்கள் பிறைவடிவக் கனத்த ரம்பங்களால் அவற்றை வளையல்களாக அறுத்தார்கள். பொருள் இங்கேயே இருந்தது. அறுக்கும் கை வேறிடத்துக்குப் போய்விட்டது. கருவிகளைப் பற்றிப் பேசும்போது இதை மறந்துவிடக்கூடாது.

பெரியப்பா ஓடாவி. தோணி கட்டும் தச்சருக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். ஜோ டி குரூஸின் 'கொற்கை' நாவலை வாசித்தவர்களுக்குத் தோணியின் உலகத்தை நான் விளக்க வேண்டியதில்லை. இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் சரக்கேற்றிச் சென்ற அந்த மரக்கலத்தில் ஏராவை விட்டால் நேர்கோடு என்று சொல்லத்தக்கது அதிகமில்லை. விலா எலும்புகளைப் போன்ற வங்குகளுக்கு, வளைந்தே வளர்ந்த நாட்டுக்கருவேலத்தைத் தேடிப் போவார்கள். மரம் தானாக வளைந்த திசையிலேயே வெட்டினால்தான் நார் அறுபடாது. நார் அறுபடாத மரம்தான் அலையைத் தாங்கும். வரைபடத்தை விரித்து வைத்து அவர் வேலை செய்து நான் பார்த்ததில்லை. வாச்சியால் செதுக்குவார், தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார், மறுபடி செதுக்குவார். பலகைகளுக்கிடையே எஞ்சும் இடுக்கைப் பஞ்சுத் திரி அடித்துக் கலப்பற்று வேலையில் அடைத்துவிடலாம். அங்கே ஒரு நூல் பிசகுக்கு மருந்து இருந்தது.

அண்ணனின் வேலையில் அந்த மருந்து கிடையாது. தோணி வேலை குறைந்த காலத்தில் அவர் வீட்டு வேலைக்குத் திரும்பினார். தூத்துக்குடித் துறைமுகத்தில் வெளிநாட்டு மரத்தடிகள் வந்து இறங்கிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் 2014 ஏப்ரலில் மியான்மர் அறுக்காத தடிகளின் ஏற்றுமதியைத் தடை செய்த பிறகு பர்மாத் தேக்கு மேலும் எட்டாக்கனியாயிற்று. வாடிக்கையாளர்கள் ஏற்கெனவே ஒட்டுப்பலகைக்கு மாறியிருந்தார்கள். 8-க்கு 4 அடித் தாள், மேலே மைக்கா, ஓரத்தில் ஒட்டுப்பட்டை: சமையலறை அலமாரி முழுவதும் நேர்கோடுகளால் ஆனது. 1 மி.மீ. பிசகினாலும் இரண்டு கதவுகளுக்கு நடுவே அது பல்லிளிக்கும். அளவில் கறார் என்பது இந்தக் கரைக்குப் புதிதல்ல. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் பத்துப் பித்தளைச் சல்லடைகளில் முத்துகளைச் சலித்துத் தரம் பிரித்தார்கள். 20 துளை கொண்டது தொடங்கி 1000 துளை கொண்டது வரை. தூத்துக்குடியில் 1961இல் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது. அந்தக் கறார் இப்போது அலமாரிக் கதவுகளுக்கு வந்திருக்கிறது.

இத்தனை காலம் அண்ணன் எதைக் கொண்டு அறுத்தார்? தமிழ்நாட்டின் பல தச்சர்களைப் போலவே மார்பிள் கட்டரைக் கொண்டுதான். கல் அறுக்கச் செய்த 4 அங்குல இயந்திரத்தில் மரப்பல் வட்டை மாட்டிவிடுவது. கைக்கு அடக்கம், விலை குறைவு, எந்த ஊரிலும் பழுது பார்க்கலாம். ஆனால் அது நிமிடத்துக்கு 12,000 சுற்று அளவில் சுழல்வது. பல் வைத்த வட்டுக்கான பாதுகாப்பு எதுவும் அதில் இல்லை. பலரும் அதைப் பலகையின் அடியில் தலைகீழாகப் பொருத்தி, வட்டு மேலே நீட்டிக்கொண்டிருக்க, மேசை ரம்பமாக்கிவிடுகிறார்கள். இந்தத் தொழிலில் விரல் நுனி இல்லாதவர்களை எண்ண என் விரல்கள் போதாது. அண்ணனிடம் கையாளாக இருக்கும் பையனுக்கு வயது 19. கொஞ்ச நாளைக்கு முன் வட்டு மரத்தில் கவ்வி இயந்திரம் பின்னால் எகிறியபோது அவன் கட்டைவிரல் நகத்தோடு தப்பியது. ரம்பம் வாங்கும் பேச்சு அன்று இரவுதான் தொடங்கியது.

டிராக் சாவின் சூட்சுமம் எளிமையானது. வட்டு உறைக்குள் ஒளிந்திருக்கும். அழுத்தினால் மட்டுமே கீழிறங்கும், கையை எடுத்தால் வில்விசையால் உள்ளே போய்விடும். தண்டவாளத்தின் ஓரத்தில் ஒரு ரப்பர் பட்டை உண்டு. முதல் ஓட்டத்தில் ரம்பமே அந்தப் பட்டையைத் தன் அளவுக்கு நறுக்கிக்கொள்ளும். அதன் பிறகு பட்டையின் விளிம்பு எங்கே நிற்கிறதோ அங்கேதான் வெட்டு. பென்சில் கோட்டின் மேல் விளிம்பை வைத்தால் போதும், கூட்டிக் கழிக்க வேண்டியதில்லை. அந்தப் பட்டை மைக்காவை அழுத்திப் பிடிப்பதால் ஓரம் சில்லு சில்லாகப் பெயர்வதுமில்லை. சாதாரண வட்ட ரம்பத்தில் பல் மேல்நோக்கி வெளிவருவதால் நல்ல முகத்தைக் கீழே வைத்து அறுப்போம். இதில் நல்ல முகத்தை மேலே வைத்துப் பார்த்தே அறுக்கலாம்.

கடைசியில் இரண்டு கருவிகள் எங்கள் பட்டியலில் நின்றன. ஒன்று மகிட்டாவின் டி.எஸ்.பி. 600. வட்டு 165 மி.மீ., அறுக்கும் ஆழம் 56 மி.மீ., வேகத்தை 2500 முதல் 6300 சுற்று வரை மாற்றலாம். மற்றொன்று ஜெர்மனியின் ஃபெஸ்டூல் டி.எஸ்.சி. 55 கே. வட்டு 160 மி.மீ., ஆழம் 55 மி.மீ. இரண்டும் இரண்டு 18 வோல்ட் பாட்டரிகளைச் சேர்த்து 36 வோல்ட்டில் ஓடுபவை. தண்டவாளத்தின் கனம் போக, இரண்டிலும் ஏறக்குறைய 50 மி.மீ. ஆழம் கிடைக்கும். 19 மி.மீ. ஒட்டுப்பலகைக்கு இது தாராளம்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். பாட்டரிக் கருவி வாங்குவது சம்பந்தம் செய்வதைப் போன்றது. ஒரு நிறுவனத்தின் பாட்டரி இன்னொன்றில் பொருந்தாது. முதல் கருவியோடு அந்தக் குடும்பத்துக்குள் போய்விடுகிறோம். அண்ணனிடம் ஏற்கெனவே மகிட்டாவின் துளையிடும் கருவியும் 18 வோல்ட் பாட்டரிகளும் இருந்தன. கணக்கு அந்தப் பக்கமே சாய்ந்தது. மறுபக்கத்தில், ஃபெஸ்டூலில் அறுத்த பிளவை விரித்துப் பிடிக்கும் தகடு வட்டின் பின்னால் இருக்கிறது. இயந்திரம் எகிற முற்பட்டால் உணர்ந்து வட்டை நிறுத்திவிடும் ஏற்பாடும் இருக்கிறது. விரல் பட்டால் நின்றுவிடும் என்று இதற்குப் பொருளில்லை. எகிறும் கணத்தை மட்டுமே அது அறியும். நான் இரண்டு பக்கத்தையும் தாளில் எழுதிக் கொடுத்தேன். மதினிதான் முடித்து வைத்தார்: "வளையல மீட்டுக்கிடலாம். அந்தப் பயலுக்கு வெரலு போனா நாம எங்கன போயி மீட்ட?"

ஃபெஸ்டூல் வந்தது. பாட்டரிகளும் சார்ஜரும் புதிதாக வாங்க வேண்டியிருந்தது. 1400 மி.மீ. தண்டவாளம் தாளின் அகலத்துக்குப் போதும். 8 அடி நீளவாக்கில் அறுக்க இன்னொன்றை இணைக்க வேண்டும். இணைக்கும் இடத்தில் நேர்கோடு உண்மையிலேயே நேராக இருக்கிறதா என்று மட்டக்கோலை வைத்துப் பார்க்காமல் அண்ணன் இயந்திரத்தைத் தொடுவதில்லை. உப்பளக் காற்று எதையும் விட்டுவைக்காத ஊர். வட்டை அன்றன்று எண்ணெய்த் துணியால் துடைக்கிறார்கள். பாட்டரி முனைகளை உலர்ந்த துணியால் துடைத்துப் பெட்டியில் மூடி வைக்கிறார்கள். சித்திரை வெயிலில் சூடேறிய பாட்டரியைச் சார்ஜர் உடனே ஏற்றுக்கொள்வதில்லை. அது ஆறும் வரை தேநீர்.

தூள் பறப்பது வெகுவாகக் குறைந்திருக்கிறது. மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இலேயே வகைப்படுத்திவிட்டது. ஆனால் நம் பட்டறைகளில் மூக்கைத் துண்டால் கட்டிக்கொள்வதே இன்றும் பெரிய முன்னெச்சரிக்கை. பையில் தூள் சேர்வதைப் பார்த்தபோது, இது இத்தனை நாள் எங்கே போய்க்கொண்டிருந்தது என்ற எண்ணம் எழாமல் இல்லை.

வட்டு தின்னும் கனம் 1.8 மி.மீ. பெரிய மேசை ரம்பங்களின் வட்டு 3 மி.மீ. வரை தின்னும். மரத்தின் சேதாரம் இப்படிக் குறைந்தது. சேதாரம் என்பது ஒழிந்துபோவதில்லை, இடம் மாறுகிறது என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான். முன்பு ஒரு தாளை அறுக்க ஒருவர் பிடிக்க வேண்டும், ஒருவர் அறுக்க வேண்டும். இப்போது அண்ணன் தாளைத் தரையில் தெர்மாக்கோல் பலகை மீது போட்டுத் தனியாளாகவே முடித்துவிட முடியும். யாருடைய விரலுக்காக வளையல் போனதோ, அவனுடைய கூலியே மிச்சப்படுத்தத் தக்க செலவாகக் கணக்கில் வந்து நின்றது. அண்ணன் அவனை நிறுத்தவில்லை. தண்டவாளம் வைப்பதும் அறுப்பதும் இப்போது அவன் பொறுப்பு. ஓரம் ஒட்டுவதும் பொருத்துவதும் அண்ணன் பார்க்கிறார். மாதத்துக்கு ஒரு வேலை கூடுதலாக முடிகிறது. வேலை குறையும் மாதத்தில் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பெரியப்பா அறுத்த ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். "கோடு நேராத்தான் இருக்கு. மரத்த எங்கல?" என்றார். ஒட்டுப்பலகையில் நார் பார்க்க எதுவுமில்லை என்பது அவர் குறை. அது முழுதும் நியாயமில்லை. நார்த்திசையை அடுக்குக்கு அடுக்கு குறுக்கே மாற்றி ஒட்டியதால்தான் அது வளையாமல் நிற்கிறது. ஏழை வீட்டுக்கும் ஓர் அலமாரி கிடைத்தது அதனால்தான். ஆனால் பையன் நேர்கோட்டை மட்டுமே கற்றுக்கொண்டிருக்கிறான் என்பதில் அவர் சொல் தைக்கிறது. தண்டவாளம் பிசகவிடாது; பிசகாதபோது கண் எதைப் பழகும்?

சென்ற ஆண்டு பழைய வீடொன்றில் வாசலுக்கு மேலே அரைவட்டத் தேக்குச் சட்டம் இற்றுப்போய், புதிதாகச் செய்ய வேண்டி வந்தது. தண்டவாளம் வளைவில் ஓடாது. பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, பையன் ஒல்லியான கைரம்பத்தால் மூன்று நாள் அறுத்தான். இரண்டு துண்டுகள் வீணாகி, மூன்றாவது பொருந்தியது. அந்த வேலையில் தேக்குச் சேதாரம் கொஞ்சம் அதிகம்தான். அண்ணன் அதைக் கணக்கில் எழுதவில்லை.