ஒன்றுமில்லாத சூரியன்

2009ஆம் ஆண்டில் கோடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடத்திற்குச் சென்றிருந்தோம். சூரியன் மிக ஓய்ந்திருந்த காலம் அது. கரும்புள்ளி ஒன்றுகூட இல்லாத நாட்கள் அவ்வாண்டில் இருநூறுக்கும் மேல். பார்வையாளருக்கென விழச் செய்திருந்த சூரிய பிம்பம் துடைத்து வைத்த தட்டுப்போலிருந்தது. "இன்று ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டோம்.

உடன் வந்தவர் காஞ்சிபுரத்தில் நாற்பதாண்டுகள் தறியில் அமர்ந்து கண் மங்கிய நெசவாள நண்பர். "மயில்கழுத்துப் பட்டைத் தள்ளி நின்னு பாத்தா, பாவு நீலம், ஊடை பச்சைன்னு பிரிச்சுத் தெரியாது. அதுக்காக நூலே இல்லேம்பீங்களா, பாய்?" என்றார். சிரித்து வைத்தோம்.

ஊர் திரும்பிப் படித்தபோதுதான் நாணினோம். கரும்புள்ளியில் வலிய காந்தப்புலம் உண்டென்பதை அமெரிக்காவின் மவுண்ட் வில்சனில் ஹேல் 1908இல் கண்டார். காந்தப்புலத்தினூடே வரும் ஒளியின் நிறமாலைக் கோடு பிளவுபடும், அதுவே சான்று. அடுத்த ஆண்டே, கரும்புள்ளியைச் சுற்றி வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கோடைக்கானலிலிருந்து எவர்ஷெட் கண்டார். ஆனால் புள்ளியற்ற வெளியிலும் காந்தம் நிறைந்தே இருக்கிறது. நூறு கிலோமீட்டர் அளவே குறுக்களவுள்ள மெல்லிய காந்த இழைகள் அங்கே உண்டு. அவற்றுட் சில ஆயிரம் காஸுக்கும் மேற்பட்ட வலிமை உடையவை. சூரியனின் குறுக்களவோ ஏறத்தாழ 14 இலட்சம் கிலோமீட்டர்! வடதுருவ இழையும் தென்துருவ இழையும் அருகருகே கிடப்பதால், கூர்மை குறைந்த தொலைநோக்கியில் ஒன்றின் அடையாளத்தை மற்றொன்று அழித்துவிடுகிறது. மிஞ்சுவது வெறுமை. கால்சிய ஒளியில் எடுத்த படங்களில் மட்டும் இழைகள் திரண்ட இடங்கள் வலைப்பின்னலாய் ஒளிரும். அத்தகைய படங்களைக் கோடைக்கானல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதலே எடுத்து வந்திருக்கிறது. நாம் "ஒன்றுமில்லை" என்றது அந்தக் கட்டடத்தில் நின்றுகொண்டுதான்.

ஹவாயில் நிறுவிய நான்கு மீட்டர் தொலைநோக்கியின் முதற்படங்கள் 2020இல் வெளிவந்தன. முப்பது கிலோமீட்டர் அளவுள்ளதையும் அவை பிரித்துக் காட்டின. ஒரு நாள் அஸர் தொழுகை முடித்து, படத்துடன் நண்பரின் வீட்டுக்குச் சென்றோம். அதற்குள் அவர் பார்வை முற்றும் போயிருந்தது. கொதிக்கும் மணிகளையும், அவற்றின் இடுக்குகளில் மின்னும் காந்தப் பொட்டுகளையும் வாயால் சொன்னோம்.

"அந்தப் பொட்டு எவ்வளவு நேரம் நிக்கும், பாய்?"

நிமிடக் கணக்குத்தான் என்றோம். "அதுக்குள்ள படம் புடிச்சுட்டானா!" என்று வியந்தவர், மகனை அழைத்து நமக்குத் தேநீர் கொண்டுவரச் சொன்னார்.