ஆகாசத்தில் ஓர் ஈமு

வானசாஸ்திரம் படிக்கிறவன் இரவெல்லாம் ஆகாசத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பவன் என்று ஊரில் ஓர் எண்ணம் உண்டு. அதில் பாதிகூட வாஸ்தவம் அல்ல. அவனுடைய இராப்பொழுதில் பெரும்பகுதி கம்ப்யூட்டர் திரைக்கு முன்னே கழிந்துபோகிறது. மேகம் வந்து வேலை நின்றுபோன வேளைகளிலும், மங்கலான ஏதோ ஒரு கேலக்ஸியின் ஒளி கருவிக்குள் கொஞ்சங்கொஞ்சமாகச் சேர்ந்துகொண்டிருக்கும் இடைவெளிகளிலும், தேநீர்க் கோப்பையோடு வெளியே வந்து கழுத்தை நிமிர்த்துகிற சில நிமிஷங்களில்தான் அவன் நட்சத்திரங்களைத் தன் சொந்தக் கண்ணால் பார்க்கிறான். அந்தச் சில நிமிஷங்களில், சமுத்திரங்களுக்கு அப்பாலுள்ள ஒரு மலையில், எனக்கு வாய்த்த சகவாசத்தைப் பற்றித்தான் இங்கே சொல்லப்போகிறேன். அந்தச் சகவாசத்தில் மனுஷர்கள் குறைவு.

நான் ஆராய்ச்சி மாணவனாகச் சேர்ந்தது, ஆஸ்திரேலியத் தலைநகரான கான்பராவை ஒட்டிய ஸ்ட்ரோம்லோ குன்றிலுள்ள பழம்பெரும் வான ஆய்வுக்கூடத்தில். 2003-ஆம் ஆண்டு ஜனவரியில் வந்த காட்டுத்தீ அங்கிருந்த தொலைநோக்கிகளைத் தின்று தீர்த்துவிட்டது. ஆனால் தீ வருவதற்கு வெகுகாலம் முன்பே, வளர்ந்துகொண்டே போன நகரத்தின் மின்விளக்கு வெளிச்சம் அந்தக் குன்றின் ஆகாசத்தைக் கெடுக்கத் தொடங்கியிருந்தது. அப்போது அங்கே தலைவராக இருந்தவர் ஹாலந்தில் பிறந்த பார்ட் போக் என்ற வானசாஸ்திரி. விளக்கொளி எட்டாத வேறொரு மலை வேண்டும் என்று அவர் தேடத் தொடங்கியதன் பலனாக, 1960-களில் கிடைத்த இடம் ஸைடிங் ஸ்பிரிங். சிட்னிக்கு வடமேற்கே ஏறக்குறைய 450 கிலோமீட்டர் தூரத்தில், கூனபாரப்ரன் என்ற சிற்றூரை அடுத்த வாரம்பங்கிள் மலைத்தொடரில், 1,100 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் அது இருக்கிறது. 3.9 மீட்டர் குறுக்களவுள்ள கண்ணாடி கொண்ட ஆங்கிலோ-ஆஸ்திரேலியத் தொலைநோக்கி 1974-இலிருந்து அங்கேதான் வேலை செய்கிறது. எங்கள் ஆய்வுக்கூடத்தை நடத்தும் சர்வகலாசாலைக்குச் சொந்தமான 2.3 மீட்டர் தொலைநோக்கியும் அங்கே உண்டு; குவிமாடம் மட்டும் சுழலும் மற்றவற்றைப் போலன்றி, அதற்குக் கட்டடமே சுழலும்.

கான்பராவிலிருந்து அந்த மலைக்குப் போவது ஒரு பகற்பொழுதுப் பிரயாணம். டப்போ என்ற ஊரைத் தாண்டும்போது சாலையோரத்தில் புளூட்டோவின் பெயர்ப்பலகை ஒன்று தென்படும். மலைமேலுள்ள பெரிய குவிமாடத்தைச் சூரியன் என்று வைத்துக்கொண்டு, சூரிய மண்டலத்தை 3 கோடியே 80 லட்சத்தில் ஒரு பங்காகச் சுருக்கி, கிரகங்களை வழிநெடுக நிறுத்தியிருக்கிறார்கள். புளூட்டோவிலிருந்து நெப்டியூனுக்குப் போவதற்குள் கோதுமை வயல்களும் ஆட்டுப் பண்ணைகளும் அலுத்துப்போகும். சூரியனுக்கு நான்கு கிலோமீட்டர் இருக்கையில், மலை ஏற்றத்தில், பூமி வந்துவிடும். கிரகங்களுக்கு இடையே உள்ள வெறுமையை இதைவிடச் சிறப்பாகப் புகட்டும் பாடப்புத்தகத்தை நான் படித்ததில்லை. அந்த வெறுமையிலே எங்கே பார்த்தாலும் வண்டியில் அடிபட்டுச் செத்த கங்காருக்கள் கிடக்கும். ஆப்பு வடிவ வாலுள்ள பிரம்மாண்டமான கழுகுகள் அவற்றின்மேல் உட்கார்ந்து, வண்டி மிகவும் சமீபித்த பிறகே, வேண்டாவெறுப்பாக இறக்கையை விரிக்கும். பொழுது சாய்வதற்குள் மலை ஏறிவிட வேண்டும் என்பது அங்கே எல்லோரும் எல்லோருக்கும் சொல்லும் புத்திமதி. சாயங்காலமும் விடியற்காலமும் கங்காருக்கள் மேய்ச்சலுக்குப் புறப்படும் வேளை. முன்விளக்கு வெளிச்சத்தைக் கண்டால் அவை ஒதுங்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை, அதை நோக்கியே பாய்ந்தாலும் பாயும்.

மலையுச்சியில் இரவு வந்ததும் வெளிச்சத்துக்கு அனுமதி இல்லை. ஜன்னல் திரைகளை இறுக மூடிவிட வேண்டும். கைவிளக்கு மங்கலாக, தரையைப் பார்த்து மட்டுமே எரியலாம். விடுதியிலிருந்து தொலைநோக்கிக்கு நடக்கிற அந்தக் கொஞ்ச தூரத்தில், ஜவ்வாது மலைக்கு அருகே வளர்ந்து, கரடிக்கும் பாம்புக்கும் பயப்படப் பழக்கப்பட்ட என் காதில், முதல்முதலாக விழுந்தது தரையை யாரோ உலக்கையால் குத்துவதுபோன்ற சப்தம். தொம், தொம் என்று இரண்டு குத்து; பிறகு மௌனம். கண் இருட்டுக்குப் பழகியபோது, ஆள் உயரமுள்ள ஒரு சாம்பல் நிறக் கங்காரு, முன்னங்கைகளை மார்பில் மடித்துக்கொண்டு, புல்தரையில் நிமிர்ந்து நிற்பது தெரிந்தது. அதன் காதுகளில் ஒன்று என்னை நோக்கியும் மற்றொன்று பின்னாலிருந்த புதரை நோக்கியும் திரும்பியிருந்தன. இரண்டு காதையும் இரண்டு திசைக்கு அனுப்பிவிட்டுத் தான் மட்டும் அசையாமல் நிற்கும் அந்த வித்தையை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அபாயம் என்று தோன்றினால் பின்னங்காலால் தரையை ஓங்கி உதைத்து மற்றவற்றுக்கு எச்சரிக்கை செய்வது அவற்றின் வழக்கம் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். ஆக, அந்த இராத்திரியில் அபாயம் என்று அறிவிக்கப்பட்டவன் நான்.

மற்றப் பிராணிகளையும் சொல்ல வேண்டும் என்றாலும், எல்லாவற்றையும் அடுக்கினால் மிருகக்காட்சிசாலைக் கையேடு ஆகிவிடும். முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, அதற்குப் பாலும் கொடுக்கிற எக்கிட்னாவை மட்டும் விட மனம் வரவில்லை. ஒரு பிற்பகலில் அது எறும்புப் புற்றைக் கிளறிக்கொண்டிருந்தது. என் காலடி ஓசை பட்டதும் ஓடவில்லை. நின்ற இடத்திலேயே நான்கு காலாலும் மண்ணைத் தோண்டி, நேர் கீழாக இறங்கி, முதுகு முட்கள் மட்டும் வெளியே தெரியும்படி புதைந்துகொண்டது. எனக்குப் பொறுமை தீர்ந்ததே தவிர அதற்குத் தீரவில்லை. பொறுமையில் அங்குள்ள மரங்களும் குறைந்தவை அல்ல. 2013 ஜனவரியில் அந்த மலையையும் ஒரு பெருந்தீ சூழ்ந்தது. தொலைநோக்கிகள் தப்பின, வானசாஸ்திரிகள் தங்கும் பழைய விடுதி சாம்பலாயிற்று, சுற்றியிருந்த தேசியப் பூங்காவில் பெரும்பகுதி கருகிப்போயிற்று. ஆனால் கருகிய யூக்கலிப்டஸ் மரங்கள் சாகவில்லை. கிளைகளுக்குக் காத்திராமல், கரிப்பிடித்த அடிமரத்தின் பட்டையைப் பிளந்துகொண்டே தளிர்கள் கொத்துக் கொத்தாக வெளிவருவதை அருகே நின்று பார்த்தவர்கள், தீயோடு பழகிப்போன ஒரு தேசத்தின் சுபாவத்தைக் கொஞ்சம் புரிந்துகொள்வார்கள்.

ஈமுவுக்கு வருகிறேன். மலையடிவாரத்துச் சமவெளியில் ஒரு நாள், உடம்பெல்லாம் வரிக்கோடுகளுள்ள குஞ்சுகளை முன்னே விட்டுப் பின்னே நடந்துகொண்டிருந்த ஓர் ஈமுவைக் கண்டேன். தாய் என்று நினைத்தேன். தகப்பன் என்றார், உடன் வந்த மெக்கானிக். பெண் ஈமு கரும்பச்சை நிற முட்டைகளை இட்டுவிட்டுப் போய்விடும். ஆண்தான் ஏறக்குறைய 8 வாரம், ஆகாரமும் தண்ணீரும் அனேகமாக இல்லாமல், அடைகாக்கும், குஞ்சுகளை வளர்க்கும். ஈமுவை அருகே வரவழைப்பதற்கும் அவர் ஒரு யுக்தி சொன்னார். தரையில் மல்லாந்து படுத்துக் கால்களை ஆகாசத்தை நோக்கி ஆட்ட வேண்டுமாம். பரிகாசம் செய்கிறாரோ என்ற சந்தேகத்தோடுதான், குஞ்சுகள் இல்லாத வேறோர் ஈமு தென்பட்டபோது படுத்தேன். அது தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தது, நின்றது, பிறகு, குற்றவாளியை அடையாளம் காட்ட வந்த சாட்சியைப்போல, ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்து, என் கைக்கடிகாரம் எட்டும் தூரம்வரை வந்துவிட்டது. ஆராய்ச்சி மனப்பான்மை என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வது அந்தப் பட்சிக்கு நிரம்ப உண்டு.

அதே மல்லாந்த கோலத்தில் இரவிலே படுத்தால் இன்னோர் ஈமுவைக் காணலாம். நம் பெரியவர்கள் திரிசங்கு என்று சொல்லும் தென்சிலுவைக்குப் பக்கத்தில், வெள்ளைக்காரர்கள் கரிச்சாக்கு என்று பெயரிட்ட கறுப்புத் திட்டுத்தான் அதன் தலை. ஆகாச கங்கையின் நடுவே ஓடும் இருண்ட பட்டை கழுத்து. விருச்சிகமும் தனுசும் சேருமிடத்தில் பருத்துப் பரந்த கருமை உடல். அந்தப் பிரதேசத்தின் ஆதிகுடிகளான கமிலராய் ஜனங்களுக்கு இது வெறும் அழகு அல்ல, பஞ்சாங்கம். ஏப்ரல், மே மாதங்களில் இருட்டியதும் ஆகாசத்து ஈமு ஓடும் கோலத்தில் எழும்பினால், தரையில் ஈமுக்கள் இணைதேடி ஓடும் பருவம். அடுத்த மாதங்களில் அதன் கோலம் மாறினால், ஆண் பட்சி கூட்டில் அமர்ந்துவிட்டது, முட்டை எடுக்கலாம் என்று அர்த்தம்.

ஒளிப்புள்ளிகளைக் கோடிழுத்து இணைத்து ஆடும் மாடும் நண்டும் கண்ட மரபில் வளர்ந்தவனுக்கு, ஒளியில்லாத இடத்தையே உருவமாகக் காணலாம் என்பது சுலபத்தில் பிடிபடவில்லை. ஆனால் ஒரு முறை பிடிபட்ட பின் அந்த ஈமுவைக் காணாமல் இருக்க முடியாது. ஜூன் மாத நடுநிசியில் நம் கேலக்ஸியின் மையம் அந்த மலைக்கு ஏறக்குறைய உச்சிக்கு நேராக வந்துவிடுவதால், ஈமுவின் உடல் தலைக்குமேலேயே நிற்கும். அந்தக் கருமை வெற்றிடம் அல்ல. பின்னாலுள்ள நட்சத்திரங்களை மறைக்கும் தூசியும் வாயுவும் நிறைந்த மேகம். நட்சத்திரங்கள் பிறப்பதே அப்படிப்பட்ட மேகங்களில்தான். இருட்டான மலையைத் தேடிய அதே பார்ட் போக், தம் ஆயுளில் பெரும்பகுதியை இந்த இருண்ட மேகங்களை ஆராய்வதில் செலவிட்டவர். சிறு கரு மேகங்களுக்குப் போக் உருண்டைகள் என்றே பெயர். மேகத்துக்குள் நட்சத்திரம் கருக்கொள்கிறது என்றார் அவர். ஆகாசத்து ஈமுவின் வயிற்றில் முட்டைகளைக் கண்டவர்கள் அவருக்கு ஆயிரக்கணக்கான வருஷங்கள் முன்னே அங்கே படுத்திருந்தவர்கள்.

ஆகாசத்தைப் பார்த்துக் காரியம் செய்வது மனுஷ ஜாதிக்கு மட்டுமே உரியது என்று நான் எண்ணியிருந்ததும் நிலைக்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் சாணி உருட்டும் ஒரு வகை வண்டு, நிலவில்லாத இரவுகளில் ஆகாச கங்கையின் ஒளிப்பட்டையைக் கொண்டு நேர்வழி பிடிக்கிறது என்று 2013-இல் நிரூபித்தார்கள். அதற்காக, ஜோஹன்னஸ்பர்க் கோளரங்கத்தில் வண்டுகளை விட்டுப் பார்த்தார்கள். சிலவற்றுக்கு மேலே பார்க்க முடியாதபடி அட்டைத் தொப்பியும் மாட்டினார்கள். தொப்பி அணிந்தவை வழி தவறிச் சுற்றின. அதைவிட எனக்கு நெருக்கமானது போகாங் என்னும் விட்டில். வசந்த காலத்தில் குவீன்ஸ்லாந்தின் தெற்கிலிருந்தும் மேற்குச் சமவெளிகளிலிருந்தும் அது புறப்பட்டு, ஆயிரம் கிலோமீட்டர்வரை இரவிலே பறந்து, தான் ஒருபோதும் கண்டிராத ஆஸ்திரேலிய ஆல்ப்ஸ் மலைக்குகைகளை அடைந்து கோடையைத் தூங்கிக் கழிக்கிறது. அது பூமியின் காந்தத்தோடு நட்சத்திரங்களையும் திசைகாட்டியாகக் கொள்கிறது என்பதை 2025-இல் வெளியிட்டார்கள். காந்தப்புலத்தை நீக்கிவிட்டு, செயற்கை ஆகாசத்தை விட்டில்களுக்குமேல் காட்டினால் சரியான திசையில் பறந்தன. ஆகாசத்தைத் தலைகீழாகத் திருப்பினால் அவையும் திரும்பின. நட்சத்திரங்களைக் கலைத்துப் போட்டால் திக்குத் தெரியாமல் திண்டாடின.

இந்த விட்டில்கள் போகும் வழியில்தான் கான்பரா இருக்கிறது. 1988-இல் திறந்த புதிய பார்லிமெண்ட் மாளிகையின் விளக்குகளைத் தேடி அவை பெருங்கூட்டமாக வந்து மொய்த்துப் பிரயாணத்தை மறந்ததுண்டு. எந்த நகரத்தின் வெளிச்சம் வானசாஸ்திரிகளை ஸ்ட்ரோம்லோவிலிருந்து துரத்தியதோ, அதே நகரத்தின் வெளிச்சம் விட்டில்களை வழிமறித்தது. 2017-க்குப் பின் வந்த கடும் வறட்சியில் அவற்றின் தொகை மிகவும் குறைந்து, 2021-இல் அபாய நிலையிலுள்ள இனம் என்று உலகப் பட்டியலில் ஏறிவிட்டது. வாரம்பங்கிள் தேசியப் பூங்காவை 2016-இல் இருள்வானப் பூங்கா என்று அறிவித்தார்கள். ஆஸ்திரேலியாவில் அதுவே முதலாவது. தொலைநோக்கிக்காகப் போட்ட விளக்குக் கட்டுப்பாட்டின் பலன், அதைப்பற்றி ஒன்றும் அறியாத ஜந்துக்களுக்கும் போய்ச் சேர்கிறது என்பது என் அபிப்பிராயம். இப்படி யாருக்கோ போட்ட பந்தியில் எல்லோரும் உண்பதில் எனக்குப் பரம திருப்தி.

ஆஸ்திரேலியாவுக்குப் போக வாய்க்காதவர்களும் இந்த ஈமுவை நம் ஊரிலிருந்தே பார்க்கலாம். வைகாசி மாதத்து அமாவாசையை ஒட்டி, இரவு ஒன்பது மணியளவில், தெற்கு அடிவானத்தை மரமோ மலையோ மறைக்காத, ஊர் விளக்கில்லாத இடத்தில் நில்லுங்கள். காவலூர் வான ஆய்வுக்கூடத்தைச் சுற்றிய ஜவ்வாது மலைப் பிரதேசம் மெத்த நல்லது. தென்சிலுவை அடிவானத்துக்குமேல் ஏறக்குறைய இருபது பாகை உயரத்துக்குள் நிற்கும். அதை ஒட்டிய கறுப்புத் திட்டு ஈமுவின் தலை. உடல் முழுவதும் எழும்பி நிற்க நடுநிசி ஆகும். டார்ச் கொண்டுபோவதானால் அதன் முகப்பில் சிவப்புக் கண்ணாடிக் காகிதத்தைச் சுற்றிக்கொண்டு போங்கள். வெள்ளை வெளிச்சம் ஒரு முறை கண்ணில் பட்டால், இருட்டுக்குப் பழக மறுபடியும் அரைமணி நேரம் பிடிக்கும்.