நாளைய நஷ்டமும் இன்றைய சந்தோஷமும்

பி.காம் முதல் வருடத்தில் கணக்குப்பதிவியல் கோட்பாடுகள் என்று ஒரு பாடம் வரும். அதில் சுலபமாக மனதில் நிற்பது முன்னெச்சரிக்கைக் கோட்பாடுதான். வரக்கூடிய நஷ்டத்துக்கு இன்றே ஒதுக்கு வை. வரக்கூடிய லாபத்தைக் கைக்கு வரும்வரை கணக்கில் காட்டாதே. அவ்வளவுதான். கடனுக்குச் சரக்கு வாங்கிய ஒருவர் பணம் தரமாட்டார் என்று தோன்றினால், அவர் இன்னும் ஏமாற்றியிருக்கவே வேண்டாம், 'வாரா ஐயக்கடன் ஒதுக்கு' என்று ஒரு தொகையை இந்த வருட லாபத்திலேயே கழித்துவிடுவோம். ஆனால் கடையில் கிடக்கும் சரக்கின் விலை இரண்டு மடங்கு ஏறினாலும் வாங்கின விலையில்தான் எழுத வேண்டும்.

வியாபாரத்துக்கு இது நல்ல விதி. ஆனால் இதே விதியை நம் மனதுக்குள்ளும் வைத்துக்கொண்டுதான் வாழ்கிறோமோ என்று எனக்கு ரொம்ப நாளாக ஒரு எண்ணம். தேர்வு முடிவு வருவதற்கு ஒரு மாதம் முன்பே அரியர் விழுந்த துக்கத்தை அனுபவித்து முடித்துவிடுகிறோம். நல்லது ஏதாவது வருகிற மாதிரி இருந்தால் மட்டும், "வரட்டும், வந்த பிறகு பார்க்கலாம்" என்று தள்ளி வைக்கிறோம். நஷ்டம் எப்போதும் முன்கூட்டியே பதிவாகிறது, சந்தோஷம் எப்போதும் தாமதமாக. இப்படி எழுதினால் எந்த வருடக் கணக்கில்தான் சந்தோஷம் மிஞ்சும்?

மத்தேயு 6-ம் அதிகாரத்தில் நாளைக்காகக் கவலைப்படுவதைப் பற்றி இயேசு பேசும் பகுதியை ஞாயிறு பள்ளியில் மனப்பாடமாகச் சொல்லிப் பரிசு வாங்கியிருக்கிறேன். பரிசு ஒரு எவர்சில்வர் டம்ளர். அப்போது அது பறவைகளையும் பூக்களையும் பற்றிய அழகான பகுதியாக இருந்தது. இப்போது படித்தால் கணக்குப் பாடமாகத் தெரிகிறது. நாளைக்கு வரப்போகும் பாட்டுக்கு இன்றைய நாளிலிருந்து ஒதுக்கு எடுக்காதே என்கிறார்.

இதைச் சொன்னவுடனே சிலர் என்ன நினைப்பீர்கள் என்று தெரியும். "சரி, கர்த்தரை நம்பினால் எல்லாம் கிடைக்கும், அதனால் சந்தோஷமாக இரு, அதுதானே?" இல்லை நண்பர்களே. அந்த வகைப் பிரசங்கத்தைக் கேட்டுக் கேட்டு எனக்கே சலித்துவிட்டது. சாட்சி நேரம் என்று ஒன்று வைப்பார்கள். வேலை கிடைத்தது, விசா கிடைத்தது, வீட்டு மனை வாங்கினோம், ஸ்தோத்திரம். ஒவ்வொன்றும் உண்மைதான், நன்றி சொல்ல வேண்டியதுதான். ஆனால் விசா கிடைக்காதவர்கள் அங்கே எழுந்திருப்பதே இல்லை. அவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்து, தங்கள் விசுவாசத்தில் என்ன குறை என்று யோசித்துக்கொண்டிருப்பார்கள். கிடைத்ததைப் பொறுத்து வருகிற சந்தோஷத்துக்குக் கடவுள் நம்பிக்கை எதற்கு? கிடைத்தால் யாருக்கும்தான் சந்தோஷம் வரும்.

எங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. அப்பாவுக்கு மளிகைக் கடை. நான் கல்லூரி இரண்டாம் வருடம் படிக்கும்போது, அப்பா ஆறு வருடமாகக் கட்டிவந்த சீட்டு நிறுவனம் ஒரு நாள் கதவைப் பூட்டிக்கொண்டு போய்விட்டது. போனது மூன்று லட்சத்து நாற்பதாயிரம். அந்தப் பணத்தை நம்பித்தான் மொத்த வியாபாரிகளுக்குத் தர வேண்டிய பாக்கி நின்றது. கடைக் கணக்கு எழுதுகிறவன் நான் என்பதால், எவ்வளவு ஆழத்தில் இருக்கிறோம் என்பது வீட்டில் முதலில் எனக்குத்தான் முழுசாகத் தெரிந்தது. அம்மா ஒரு மாதம் சரியாகச் சாப்பிடவில்லை. நான் இரவில் மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு கூட்டிக் கழித்துக்கொண்டே இருப்பேன். பட்டப்படிப்பு முடித்து சி.ஏ. சேர வேண்டும் என்ற ஆசையை முதலில் கழித்தேன். பிறகு தங்கையின் நர்சிங் படிப்பை. இன்னும் வராத நஷ்டங்கள் எல்லாம் ஒவ்வொன்றாகப் பதிவாகின.

அப்பா ஒன்றும் கவலையற்ற மனிதர் இல்லை. மறுநாளே கடன்காரர்கள் ஒவ்வொருவரையும் நேரில் போய்ப் பார்த்து, மாதம் இவ்வளவு தருகிறேன் என்று பேசிவிட்டு வந்தார். தனி நோட்டுப் போட்டார். பைக்கை விற்றார். ஆனால் காலையில் ஐந்தரைக்கு எழுந்து வேதம் வாசித்துவிட்டு, கடை ஷட்டரைத் தூக்கும்போது அவர் வாயில் கீர்த்தனை ராகம் வந்துகொண்டுதான் இருந்தது. எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. ஒரு நாள் கேட்டே விட்டேன், "அப்பா, உங்களுக்குப் பயமா இல்லையா?"

"பயம் இல்லாம இருக்குமாலே? இருக்கு" என்றார். அரிசி மூட்டையைத் தைத்துக்கொண்டே சொன்னார், "கடனுக்கு ஒரு நோட்டுப் போட்டாச்சில்லா. கர்த்தர அந்த நோட்டுல எழுதாத."

அப்பாவுக்கு இதற்குமேல் விளக்கம் சொல்லத் தெரியாது. எனக்கும் அப்போது முழுசாகப் புரியவில்லை. புரிந்தது, கல்லூரி நூலகத்தில் ஜார்ஜ் முல்லரைப் பற்றித் தேடிப் படித்தபோதுதான்.

கிறிஸ்தவ வீட்டில் வளர்ந்தவர்களுக்கு முல்லரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. சாப்பாடு இல்லாத மேஜையில் பிள்ளைகளை உட்காரவைத்து நன்றி ஜெபம் செய்தார், உடனே ரொட்டிக்காரர் கதவைத் தட்டினார் என்ற கதையைக் கேட்காத விடுமுறை வேதாகமப் பள்ளி உண்டா? ஆனால் எனக்குப் பிடித்தது அந்தக் கதை இல்லை. அவருடைய கணக்குகள்!

முல்லர் 1805-ல் பிரஷ்யாவில் பிறந்தவர். அப்பா அரசாங்க வரி வசூலிப்பவர். பையன் அந்தப் பணத்தையே திருடுவான். ஒரு தடவை அப்பா எண்ணி வைத்த காசை எடுத்துக் காலணிக்குள் ஒளித்து மாட்டிக்கொண்டான். பதினாறு வயதில் விடுதிக்குப் பணம் கட்டாமல் ஏமாற்றியதற்காகச் சிறைக்கே போனார். 1825-ல் ஹாலே நகரில் மாணவராக இருந்தபோது ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில் அவர் வாழ்க்கை திரும்பியது. (இந்த ஹாலே நமக்குத் தொடர்பில்லாத ஊர் இல்லை. 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க் படித்த இடமும் அதுதான்.) பிறகு இங்கிலாந்து போனார். 1836-ல் பிரிஸ்டலில் ஒரு வாடகை வீட்டில் முப்பது பெண் பிள்ளைகளோடு அநாதை இல்லம் தொடங்கினார். யாரிடமும் பணம் கேட்பதில்லை, கடன் வாங்குவதில்லை என்று இரண்டு விதிகள். 1870-க்குள் ஆஷ்லி டவுன் மேட்டில் ஐந்து பெரிய கட்டடங்கள், இரண்டாயிரம் பிள்ளைகளுக்கு மேல் இடம். வந்த ஒவ்வொரு காசையும் எழுதி, ஆண்டறிக்கையாக அச்சிட்டு வெளியிட்டார். அப்பாவின் காசைக் காலணியில் ஒளித்த கை அது.

ஆண்டறிக்கை வெளியிடுவதே ஒரு வகையில் பணம் கேட்பதுதானே என்று என்னைப் போன்ற வணிகவியல் மாணவனுக்குச் சந்தேகம் வரும். வந்தது. அதற்குப் பதில் 1841-ல் இருக்கிறது. 1838-லிருந்தே கையில் பணம் இல்லாத நாட்கள் அடிக்கடி வந்தன. இன்றைக்கு மதியம் வரைதான் இருக்கிறது என்ற நிலை. கூட வேலை செய்தவர்கள் தங்கள் கையில் இருந்ததைக் கொடுத்தார்கள். 1841 டிசம்பரில் ஆண்டறிக்கைக் கூட்டம் நடத்த வேண்டிய நேரம். அப்போதும் பணம் இல்லை. இந்த நிலையில் கணக்கைப் படித்தால் அது மறைமுகமாகக் கையேந்துவது போலாகிவிடும் என்று கூட்டத்தையும் அறிக்கையையும் தள்ளி வைத்துவிட்டார்! நிலுவையில் இருக்கும் எந்த நிறுவனமாவது நிதி வரக்கூடிய ஒரே வாய்ப்பை இப்படித் தள்ளி வைக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

அதே 1841-ம் வருடம் மே மாதம்தான், தன் அன்றாட வாழ்க்கையைப் பற்றி அவர் ஒரு குறிப்பு எழுதுகிறார். ஒவ்வொரு நாளும் தன்னுடைய முதல் வேலை எவ்வளவு ஊழியம் செய்யலாம் என்று பார்ப்பதில்லையாம். தன் ஆத்துமா கர்த்தருக்குள் சந்தோஷமாக இருக்கிறதா என்று பார்ப்பதுதானாம். அதற்கு முன்பு பல வருடமாக எழுந்தவுடன் ஜெபத்தில் உட்காருவாராம், மனம் அரை மணி நேரம் எங்கெங்கோ அலையுமாம். (அப்பாடா, அவருக்குமா!) பிறகு வேதத்தைத் திறந்து, வாசித்ததை அசைபோட்டபடியே ஜெபத்துக்குள் போகப் பழகினார். சில நாள் புதிய ஏற்பாட்டோடு வயல்வெளியில் நடந்துகொண்டே செய்தார்.

தேதியைத்தான் நான் கவனித்தேன். ஐந்து கட்டடங்கள் எழும்பிய பிறகு வயதான காலத்தில் திருப்தியாக எழுதிய வரிகள் இல்லை அவை. பணம் இல்லாத வருடங்களின் நடுவில் எழுதியவை. விடை வந்ததால் சந்தோஷம் என்றில்லை. சந்தோஷம் காலையிலேயே வந்துவிடுகிறது, ரொட்டிக்காரர் வருவதற்கு முன்பே. முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டுக்கு நேர் எதிரான பதிவு இது. அதே சமயம் ரொட்டிக்கான கணக்கில் அவர் ஒரு பைசா கூட ஊகமாக எழுதவில்லை. இரண்டு நோட்டு!

எல்லாவற்றுக்கும் விடை கிடைத்த மனிதரும் இல்லை அவர். 1835-ல் கைக்குழந்தையாக இருந்த மகன் இறந்தான். 1870-ல் மனைவி மேரி இறந்தபோது அடக்க ஆராதனைப் பிரசங்கத்தை அவரே செய்தார், கர்த்தர் நல்லவர் என்று சொல்லும் சங்கீதத்தை எடுத்து. இதைப் படித்துவிட்டுப் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடி வைத்துவிட்டேன். அந்த இடத்தில் என்னால் நிற்க முடியும் என்று சொல்ல மாட்டேன்.

அந்த மேரியின் அண்ணன் அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் 1833-ல் இந்தியாவுக்கு வந்தவர். அவரோடு பழகித்தான் நம் திருநெல்வேலிப் பக்கத்து அருளப்பன், மிஷன் சம்பளத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வத்திராயிருப்புக்குப் பக்கத்தில் கிறிஸ்தியான்பேட்டையில் போய் ஊழியம் செய்தார். அவரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும், இங்கே இடம் போதாது.

முல்லர் 1898 மார்ச்சில் தொண்ணூற்றிரண்டு வயதில் இறந்தார். அவர் கை வழியாகப் போனது ஏறக்குறைய பதினைந்து லட்சம் பவுண்டு. சொந்தச் சொத்தாக இருந்தது சாமான்களையும் சேர்த்து 160 பவுண்டு அளவுதான். இருப்புநிலைக் குறிப்பு போட்டுப் பார்த்தால் ஏழை.

எங்கள் நோட்டில் இன்னும் பதினோரு தவணை பாக்கி. சீட்டுப் பணம் திரும்ப வரும் என்று வழக்குப் போட்டவர்கள் சொல்கிறார்கள். நான் அதை வாராக்கடனாகவே எழுதி வைத்திருக்கிறேன், அப்பாவும் சரி என்றார். அம்மா இப்போது நன்றாகச் சாப்பிடுகிறார்கள். மொட்டை மாடியில் கூட்டிக் கழிக்கும் பழக்கம் எனக்கு முழுசாகப் போகவில்லை, ஆனால் காலை ஐந்தரைக்கு அப்பாவோடு நானும் எழுந்துவிடுகிறேன். முதல் பத்து நிமிடம் தூக்கம்தான். அதன்பிறகு ஏதோ ஒரு வசனம் பிடித்துக்கொள்கிறது. போன வாரம் பிலிப்பியர் நிருபம் முடித்தோம். சிறையில் இருந்துகொண்டு பவுல் இத்தனை தடவை சந்தோஷத்தைப் பற்றி எழுதியிருப்பதை எண்ணிக்கொண்டே வந்தேன். அப்பா, "அங்கயும் கணக்காலே" என்று சிரித்துவிட்டுக் கடைச் சாவியை எடுத்துக்கொண்டு போனார்.