புளியமரத்தை வெட்டாமல்

ஆசிரியர் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார் அந்த அம்மா. கோபமாக வந்திருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கூச்சத்தோடு வந்திருந்தார்.

“டீச்சர், எம்பொண்ணு எதையோ நெட்ல எழுதியிருக்காளாமே. ரேஷன் கடை வரிசையில நின்னா, கொலுசத் திருப்பியாச்சான்னு கேக்குறாங்க.”

2021-ல் நடந்தது. ஆன்லைன் வகுப்புக்காகப் பழைய போன் ஒன்று வாங்க, அம்மா தன் கொலுசை அடகு வைத்ததைப் பற்றி ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை எழுதிய ஒன்றரைப் பக்கம் அது. ஊரடங்கில் பள்ளி மூடிக் கிடந்த நாட்களில் பிள்ளைகளின் எழுத்துக்காக நான் தொடங்கிய வலைப்பூவில் ஏற்றியிருந்தேன். அவள் பெயரைப் போடவில்லை, பள்ளியின் பெயரையும் போடவில்லை. ஆனால் கட்டுரைக்குள் ரேஷன் கடைக்கு எதிர்வீடு இருந்தது, லாரிக்குப் போகும் அப்பா இருந்தார், ஒரே நாளில் பிறந்த அக்கா இருந்தாள். எங்கள் ஊரில் இந்த மூன்றும் சேர்ந்த வீடு ஒன்றே ஒன்றுதான். யாரோ லிங்கை ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார்கள். மிச்சத்தை ஊர் பார்த்துக்கொண்டது.

அதற்கு முன்பு எங்களிடம் இருந்தது கையெழுத்துப் பத்திரிகை. நாற்பது பக்கம், ஒரே பிரதி, நூல் கோத்துத் தைத்தது. எவ்வளவு ஆசைப்பட்டாலும் அது காம்பவுண்டுச் சுவரைத் தாண்டாது. கல்வித்துறை நடத்தும் ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ போன்ற இதழ்களுக்கு அனுப்பினால் அங்கே ஆசிரியர் குழு இருக்கிறது, நாலு கண் பார்க்கும். வலைப்பூவில் ஆசிரியர், அச்சுக்கூடம், தபால் பை எல்லாம் நான் ஒருத்தியே. ‘வெளியிடு’ என்ற பொத்தானை அழுத்த ஒரு விநாடி போதும். அந்த ஒரு விநாடியை இப்போது மூன்று நாளாக்கி வைத்திருக்கிறேன்.

பாதுகாப்பு என்றால் முகம் தெரியாத கெட்டவனை நினைத்துத்தான் பிள்ளைகளைப் பயமுறுத்துகிறோம். அவன் இல்லாமல் இல்லை. ஆனால் என் அனுபவத்தில் முதல் வாசகர் பக்கத்து வீட்டுக்காரர், அடுத்தவர் சித்தப்பா. தெருவின் பெயரை எழுதினால் எந்தச் சாதி என்று ஊருக்குத் தெரிந்துவிடும். குலசாமியின் பெயரும் அப்படித்தான். பெயரை மட்டும் அழித்துவிட்டுப் பத்திரம் என்று நம்பியது என் அசட்டுத்தனம்.

இப்போது பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து இரண்டு பென்சிலை எடுக்கிறேன். எது போனால் கட்டுரை செத்துவிடுமோ அதைச் சிவப்பில் சுழிக்கச் சொல்கிறேன். எதை வைத்துத் தபால்காரர் வீட்டைக் கண்டுபிடிப்பாரோ அதற்கு நீலத்தில் அடிக்கோடு. பெரும்பாலும் இரண்டும் வேறு வேறு இடத்தில்தான் விழும். கொலுசுக் கட்டுரையை அவளோடு அப்படி மறுபடி படித்தபோது, அம்மா நடக்கும்போது சத்தம் வராமல் போனதைச் சொன்ன வரிதான் சிவப்பில் நின்றது. ரேஷன் கடைக்கு அங்கே வேலையே இல்லை. இது பாதுகாப்பு வேலையா எடிட்டிங்கா என்று கேட்டால், எனக்கு இரண்டும் ஒன்றாகிப் பல வருடமாகிறது.

புனைபெயர் தனிக் கூத்து. வைத்துக்கொள்ளச் சொன்னால் பையன்கள் சொந்தப் பெயரைத் திருப்பிப் போட்டு, அப்பாவின் இனிஷியலையும் பிறந்த வருடத்தையும் ஒட்டிக்கொண்டு வருவார்கள். அதற்குச் சொந்தப் பெயரே தேவலை. “எம்பேர் வந்தாத்தானேம்மா தாத்தா நம்புவாரு?” என்று ஒருவன் கேட்டதில் நியாயம் இருந்தது. அதனால் ஒவ்வொருவருக்கும் சொந்தப் பெயர் போட்ட ஒரு பிரதியை அச்செடுத்து வீட்டுக்குக் கொடுக்கிறேன். எந்தப் புனைபெயர் யாருடையது என்பது ஒரு நீளமான நோட்டில், பீரோவுக்குள் இருக்கிறது. போனில் இல்லை.

படங்களில் நான் கறார். சீருடை, அடையாள அட்டைக் கயிறு, லேபிள் ஒட்டிய நோட்டு அட்டை எதுவும் கூடாது. லொக்கேஷன் அனுமதி கொடுத்த போனில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடமே பதிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது கழன்றுவிடும், டாக்குமெண்டாக அனுப்பினால் அப்படியே வந்து சேரும். இதை ஒரு மாணவன்தான் எனக்குச் சொல்லித்தந்தான்.

2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை என்கிறது. அவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டம் வருவதற்கு முன்பே அந்த அம்மா எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்துவிட்டார். கையெழுத்து வாங்குவது பெரிய காரியமில்லை, காகிதத்தை நீட்டினால் போடுவார்கள். கட்டுரையை முழுக்க வாசித்துக் காட்டிவிட்டுத்தான் காகிதத்தை எடுக்கிறேன். சில வீடுகளில் “வேணாம் டீச்சர்” என்று வந்திருக்கிறது. அப்போது விட்டுவிடுவேன். பிள்ளையின் முகம் வாடும், அதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

சில நோட்டுகளை மூடிவிட வேண்டும். வீட்டிலோ டியூஷனிலோ யாரோ தொட்டதைப் பற்றி ஒரு பிள்ளை எழுதினால் அது பிரசுரத்துக்கு வந்த கட்டுரை அல்ல, முறையீடு. அங்கே நான் பத்திரிகை ஆசிரியை இல்லை. குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும் காவல்துறையையும் அழைக்க வேண்டியவள். காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று, பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டமும் சொல்கிறது. நடை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது.

எட்டாம் வகுப்பில் கவிதை எழுதியவன் பதினொன்றில் வந்து, “அதை எடுத்துருங்கம்மா, பசங்க ஓட்டுறாங்க” என்றான். எனக்குப் பிடித்த கவிதை. எடுத்துவிட்டேன். எழுதியவருக்கே உரிமை என்று 1957-ன் பதிப்புரிமைச் சட்டம் சொல்வது பதினொன்றாம் வகுப்புக்கும் சேர்த்துத்தான். ஆனால் யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்பதையும் அவனிடம் மறைக்கவில்லை. இப்போது இதை முதல் நாளே சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் ஆட்டுக்குட்டியைப் பற்றி எழுதிக்கொண்டு வந்தான். கோயில் வாசல் புளியமரத்தில் முன்னங்காலைத் தூக்கி வைத்து அது கொழுந்து கடித்த கதை. நீலப் பென்சிலை எடுத்து, “புளியமரத்தை எடுத்துட்டு, மரம்னு மட்டும் போடலாமே?” என்றேன். அவன் என்னை ஒருமாதிரி பார்த்தான்.

“புளியங்கொழுந்துன்னாத்தானேம்மா அதுக்குப் பல்லு கூசும்?”

அடுத்த வரியே அதுதான். பல் கூசி, குட்டி தலையைச் சிலுப்பிக்கொண்டு ஓடுகிறது. நான் பென்சிலைக் கீழே வைத்தேன். அவனே அதை எடுத்து, கோயிலின் பெயரை அடித்தான். வாசலையும் அடித்தான். கொஞ்சம் யோசித்துவிட்டு, ஆட்டுக்கு வைத்திருந்த பெயரையும் அடித்தான்.

“அது எதுக்குடா?”

“அந்தப் பேரச் சொல்லித்தான் தினமும் தெருவுல கத்துவேன்.”