இமைக்கும் வைப்பர்

தூறலில் வண்டி ஓட்டும்போது வைப்பர் ஒரு தடவை துடைத்துவிட்டுப் படுத்துக்கொள்ளும். கண்ணாடியில் பொட்டுப் பொட்டாகத் துளி சேரும். நாலைந்து நொடியில் மறுபடி ஒரு வீச்சு. அந்த இடைவெளியை எது எண்ணுகிறது என்று வெகுநாள் யோசித்திருக்கிறேன்.

இப்படி விட்டுவிட்டுத் துடைக்கும் வைப்பரை உருவாக்கிய பொறியாளர் ராபர்ட் கேர்ன்ஸின் வடிவமைப்பில் எண்ணியது ஒரு கெப்பாசிட்டர். அதில் ரெசிஸ்டர் வழியாக மின்சாரம் மெல்ல நிரம்பும். போதிய அளவு வந்ததும் டிரான்சிஸ்டர் மோட்டாரை எழுப்பும். ரெசிஸ்டரின் தடையைக் கூட்டினால் நிரம்பத் தாமதமாகும், இடைவெளி நீளும். எவ்வளவு எளிமை!

1953இல், திருமண இரவில், ஷாம்பெயின் மூடி தெறித்து ஒரு கண்ணின் பார்வையைப் பறிகொடுத்தவர் அவர். கண் இமைப்பதுபோல வைப்பரும் விட்டுவிட்டு இயங்கட்டுமே என்று நினைத்தார். 1964இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அந்தக் காப்புரிமையை மீறியதாக கார் நிறுவனமான கிறைஸ்லர் மீது தொடுத்த வழக்கில் தானே வாதாடி 1992இல் வென்றார். நேற்றைய தூறலில் வைப்பர் நின்று நின்று துடைத்தபோது அவரைத்தான் நினைத்துக்கொண்டேன்.